ஊசியும் ஆன்மாவும்: கலை-கைவினை இயக்கத்திற் குறியீட்டுப் பூத்தையல் - ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கலைகளை நுண்கலை என்றும் கைவினை என்றும் இருகூறாகப் பிரித்து, முன்னதற்கு உயர்வும் பின்னதற்குத் தாழ்வும் கற்பிக்கும் வழக்கம் என்றென்றும் இருந்துவந்த ஒன்றன்று. அது வரலாற்றின் ஒரு கட்டத்திலே, குறிப்பிட்ட சமூக உறவுகளின் பேறாகத் தோன்றியது. ஓவியமும் சிற்பமும் சிந்தனையின் வெளிப்பாடுகள், நெசவும் தையலும் கைப்பழக்கத்தின் விளைவுகள் எனக் கொள்ளும் இப்பாகுபாடு, கலைப்பொருள்களின் இயல்பிலிருந்து பிறந்ததா, அன்றி அவற்றைச் செய்தோரின் சமூக நிலையிலிருந்து பிறந்ததா என்பது அழகியலாளர் மாத்திரமன்றிச் சமூக வரலாற்று மாணவரும் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண உதவும் துறைகளுள் பூத்தையல் தலையாயது. ஊசி, நூல், துணி ஆகிய மூன்றையும் கொண்டு உருவங்களைப் படைக்கும் இக்கலை, தூரிகையும் வர்ணமும் கொண்டு படைக்கும் ஓவியத்துக்கு மிக அண்மையில் நிற்பது. எனினும் ஓவியம் கலைக்கூடத்துக்குச் சென்றது. பூத்தையல் வீட்டு அறையிலே தங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலே பிரித்தானியாவில் எழுந்த கலை-கைவினை இயக்கம் இந்நிலையை மாற்ற முயன்றது. அவ்வியக்கத்தின் சூழலிலே, வெறும் அலங்காரமாக அமையாது, ஆழ்ந்த கருத்துகளைக் குறியீடுகளாகத் தாங்கிய பூத்தையற் படைப்புகள் சில தோன்றின. அவற்றுள் மிகச் சிறந்தது எடின்பரோ நகரில் வாழ்ந்த பீபி அன்னா ட்ரக்வேர் 1895க்கும் 1902க்கும் இடையில் நிறைவுசெய்த நான்கு திரைகளாகும். 'ஓர் ஆன்மாவின் பயணம்' எனத் தமிழிற் கூறத்தக்க தலைப்பினைக் கொண்ட அத்திரைகள் இன்று ஸ்கொட்லாந்துத் தேசியக் கலைக்கூடத்தின் உடைமையாக உள்ளன.

பூத்தையலிற் குறியீடு எவ்வாறு இடம்பெற்றது, அக்குறியீடு யாருக்கு உரியதாயிருந்தது, அதனைத் தைத்த கைகள் யாருடையவை என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இங்கிலாந்தின் பூத்தையல் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் இலண்டன் பட்டறைகளிலே பட்டாலும் பொன்னிழையாலும் உருவான திருச்சபை அங்கிகள், 'ஆங்கில வேலை' எனப் பொருள்படும் இலத்தீன் பெயராற் சுட்டப்பட்டன. 1295ஆம் ஆண்டின் பாப்பரசர் கருவூலப் பட்டியலிலே அவை பெருந்தொகையாக இடம்பெற்றன. ஆண்களும் பெண்களும் ஊதியத்துக்காகச் செய்த தொழிலாக அது விளங்கியது. அவ்வங்கிகளிற் காணப்படும் சிலுவைக் காட்சியும் வானதூதரும் புனிதரும் தையற்காரரின் தனிப்பட்ட கற்பனையிற் பிறந்தவர்களல்லர். அவை நிலமானிய சமுதாயத்தின் பொதுக் குறியீடுகள். குருவானவருக்கும் குடியானவனுக்கும் ஒருங்கே விளங்குபவை. அக்குறியீடுகள் திருச்சபையின் அதிகாரத்துக்குத் துணைநின்றவை என்பதை மறத்தலாகாது. ஆயின், அவை பொதுமையானவை என்பதும் மறக்கத்தக்கதன்று.

இப்பொதுமை இரண்டு வழிகளாற் சிதைந்தது. முதலாவது, பதினாறாம் நூற்றாண்டின் மதச்சீர்திருத்தத்துடன் திருச்சபை அங்கிகளுக்கான தேவை வீழ்ச்சியுற்றமை. இரண்டாவது, முதலாளித்துவ வளர்ச்சியோடு கலைஞன் என்பவன் கைவினைஞனிலிருந்து பிரிந்து தனியொரு சமூக வகையினனாக உருப்பெற்றமை. 1768இல் இலண்டனில் நிறுவப்பட்ட றோயல் அக்கடமி இப்பிரிவினைக்கு நிறுவன வடிவம் தந்தது. தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தனது கண்காட்சிகளிலிருந்து தையல்வேலையை, செயற்கைப் பூக்கள், கத்தரித்த கடதாசி, சிப்பிவேலை முதலியவற்றோடு ஒருசேர ஒதுக்கிவிட்டது. ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் பெண்களின் கைவேலைகளே என்பது தற்செயலானதன்று. நுண்கலை, கைவினை என்னும் படிநிலையும் ஆண், பெண் என்னும் படிநிலையும் ஒன்றையொன்று தாங்கிநின்றன. பூத்தையல் கலையிலிருந்து பிரிக்கப்பட்ட வரலாறும் பெண்மை பற்றிய கருத்துநிலை உருவாக்கப்பட்ட வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை ரொசிக்கா பார்க்கர் 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பூத்தையல் இருவேறு உலகங்களாகப் பிளவுண்டிருந்தது. ஓர் உலகம் மத்தியதர வர்க்க இல்லத்தின் வரவேற்பறை. அங்கு 'பெர்லின் கம்பளி வேலை' ஆட்சிசெய்தது. சதுரக் கட்டங்களில் வர்ணமிட்டு அச்சிடப்பட்ட மாதிரித்தாளைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு தையலாக எண்ணி நிரப்புவதே அதன் முறை. சிந்தித்தல் அச்சகத்தில் முடிந்துவிட்டது. எண்ணுதல் மாத்திரமே கைக்கு எஞ்சியது. தொழிற்சாலையிலே தொழிலாளிக்கு நேர்ந்த கதி, பிறிதொரு வடிவில் வரவேற்பறைச் சீமாட்டிக்கும் நேர்ந்தது எனலாம். 1828இல் ஜோசுவே ஹெயில்மன் அமைத்த பூத்தையல் இயந்திரமும் அதன் வழிவந்த பிறவும் பூவேலையை மலிந்த பண்டமாக்கின.

மற்றைய உலகம் இலண்டனின் தையற்கடைகள். 1863ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுப் பெண், மதிப்புமிக்க உடைத்தையல் நிலையமொன்றிலே 26 1/2 மணிநேரம் இடைவிடாது வேலைசெய்து இறந்தாள். இளவரசரை மணந்து வந்த வெளிநாட்டு இளவரசியைச் சிறப்பிக்கும் நடனவிழாவுக்கென மேற்குடிப் பெண்களின் ஆடைகளைக் குறித்த நேரத்தில் முடிக்கவேண்டியிருந்தது. அறுபது பெண்கள், அறைக்கு முப்பதின்மராக, போதிய காற்றின்றி அடைக்கப்பட்டிருந்தனர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இச்சாவினைப் பதிவுசெய்தார். அவள் செய்தது குறியீட்டுப் பூத்தையலன்று, சாதாரண உடைத்தையலே. ஆயினும் ஊசி என்னும் கருவி அக்காலத்திலே எதனைக் குறித்தது என்பதை அறியாமல், அதே ஊசி ஆன்மாவைத் தைக்க எடுக்கப்பட்டதன் பொருளை நாம் உணர்ந்துகொள்ள இயலாது.

3

கலை-கைவினை இயக்கத்தின் கருத்துமூலம் ஜோன் றஸ்கின் 1853இல் எழுதிய கோதிக் கலை பற்றிய அத்தியாயமாகும். தொழிற்பிரிவினையாற் பிளக்கப்படுவது தொழில் அன்று, மனிதனே என்பது அவரது வாதத்தின் சாரம். சிந்திப்பவன் வேலைசெய்யவும் வேலைசெய்பவன் சிந்திக்கவும் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். றஸ்கினிடம் அறநெறி முறையீடாக நின்ற இதனை வில்லியம் மொறிஸ் அரசியல் முடிவாக வளர்த்தார். 1883இல் ஜனநாயக சம்மேளனத்திற் சேர்ந்து, அடுத்த ஆண்டிறுதியிற் சோசலிசக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரான மொறிஸ், உழைப்பிலே இன்பம் காணவியலாத சமுதாயத்திற் கலை வாழ முடியாதென்றும், அச்சமுதாயத்தை மாற்றாமற் கலையை மீட்க முடியாதென்றும் கண்டார்.

மொறிஸுக்கும் பூத்தையலுக்கும் உள்ள தொடர்பு இளமையிலேயே தொடங்கியது. 1850களின் நடுப்பகுதியிலே அவர் தாமே ஊசி பிடித்துத் தைக்கக் கற்றார்; பழைய வேலைகளைப் பிரித்துப் பார்த்து அவற்றின் முறையை அறிந்தார். அவர் மணந்த ஜேன் பேர்டன், ஒக்ஸ்போட்டிற் குதிரைலாயத் தொழிலாளி ஒருவரின் மகள். ஜேனும் அவர் தங்கை எலிசபெத்தும் 'செந்நிற இல்லம்' என்ற புதுமனைக்குத் திரைகளைத் தைத்தனர். வீட்டுக்காகச் செய்த இவ்வேலை 1861இல் தொடங்கிய நிறுவனத்தின் விற்பனைப்பொருளாயிற்று. 1885இல் மகள் மே மொறிஸ், தமது இருபத்துமூன்றாம் வயதில், மொறிஸ் நிறுவனத்தின் பூத்தையற் பிரிவின் பொறுப்பினை ஏற்றார். வடிவமைப்பாளர், ஆசிரியர், நூலாசிரியர் எனப் பலநிலைகளிலும் அவர் ஆற்றிய பணி நெடுங்காலம் தந்தையின் நிழலில் மறைந்துகிடந்தது. மொறிஸ் வரைந்தவையெனக் கருதப்பட்ட பல வடிவங்கள் மே வரைந்தவை என்பது பிற்கால ஆய்வுகளாலேயே தெளிவாயிற்று.

இந்நிறுவனத்தின் முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. தொழிற்பிரிவினையைக் கண்டித்த இயக்கத்தின் முதன்மை நிறுவனத்திலேயே வடிவமைப்பவர் ஒருவர், தைப்பவர் பலர் என்னும் பிரிவு நீடித்தது. துணியிற் கோலம் பதித்து, ஒரு மூலையிற் சிறிதளவு தைத்துக்காட்டி, மிகுதியை வாங்குபவரே முடிக்குமாறு விற்கும் வழக்கமும் அங்கிருந்தது. வரவேற்பறையின் பெர்லின் மாதிரித்தாள் அழகிய வடிவிலே திரும்பி வந்ததெனக் கூறினும் தவறாகாது.

1872இல் இலண்டனிற் தொடங்கப்பெற்ற கலைத்தையற் பாடசாலை பிறிதொரு முரண்பாட்டைக் காட்டும். தொப்பிக் கடையொன்றின் மேல்மாடியில் இருபது பெண்களுடன் தொடங்கி, 1875இல் அரச ஆதரவு பெற்ற அந்நிறுவனம், கலையின் பெயரால் மறைந்த தையல்முறைகளை மீட்டது. மொறிஸ், பேர்ண்-ஜோன்ஸ், வோல்ட்டர் கிரேன் முதலியோரின் வடிவங்களைத் தைத்தது. ஆனால் அங்கு வேலை பெறுவதற்கு நற்குடிப்பிறப்பு ஒரு தகைமையாயிருந்தது. வருமானமிழந்த மேற்குடிப் பெண்கள், தம் மதிப்பினை இழவாது கூலிபெறும் வழியாகவே பூத்தையற்கலை உயர்த்தப்பட்டது. வோக்லியின் வர்க்கத்தினருக்கு அக்கதவு திறக்கப்படவில்லை.

1888இல் இலண்டனில் முதற் கண்காட்சியை நடத்திய கலை-கைவினைக் கண்காட்சிச் சங்கம், வடிவமைத்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் பட்டியலிற் குறிக்கவேண்டுமென்ற கொள்கையைக் கொண்டிருந்தமை சிறிய செயலன்று. அதுகாறும் பெயரற்றிருந்த கைகள் அச்சிலே பெயர்பெற்றன. ஆயின் அவ்வியக்கத்தின் கருத்துமையமாக விளங்கிய, 1884இல் நிறுவப்பெற்ற கலைத் தொழிலாளர் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1960களிலேயே அத்தடை நீங்கியது. இதன் காரணமாகவே மே மொறிஸ் 1907இற் பெண்கள் கலைச்சங்கத்தை நிறுவ முன்னின்றார். உழைப்பின் விடுதலை பற்றிப் பேசியோரும் தம் மண்டபத்தின் வாயிலிலே பழைய வேலியை வைத்திருந்தனர்.

4

இயக்கத்தின் பூத்தையலைப் பற்றிப் பேசும்போது நூலின் ஊற்றையும் நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் லீக் நகரிற் பட்டுச் சாயத்தொழில் நடத்திய தோமஸ் வார்டில், இந்தியக் காடுகளிலிருந்து பெறப்படும் தசர் என்னும் காட்டுப்பட்டினை வெளுத்துச் சாயமேற்றும் முறையை வளர்த்தெடுத்தவர். மொறிஸ் சாயக்கலை பயின்றது இவரது சாயப்பட்டறையிலேயாகும். வார்டிலின் மனைவி எலிசபெத் 1879இல் லீக் பூத்தையற் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துப் பெண்கள் இந்தியக் கோலங்கள் அச்சிட்ட தசர்த் துணியின்மீது பட்டு நூலாலும் பொன்னிழையாலும் தைத்தனர். இயற்கைச் சாயத்தின் மென்மையும் காட்டுப்பட்டின் ஒளியும் இயக்கத்தினர் போற்றிய பண்புகள். அப்பட்டுக் கூடுகளைக் காட்டிலே சேகரித்தோரின் பெயர் எந்தக் கண்காட்சிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. முதலாளித்துவத்துக்கு முற்பட்ட கைவினையை மீட்க விரும்பிய இயக்கம், அதற்கான மூலப்பொருளை ஏகாதிபத்திய வணிகத்தின் வழியாகவே பெற்றது.

அதே லீக் பெண்கள் 1885-86இல் ஏறத்தாழ 35 பேர் ஒன்றுசேர்ந்து பாயோ திரைச்சீலையின் முழுப்படியொன்றைத் தைத்து முடித்தனர். ஒவ்வொருவரும் தாம் தைத்த பகுதியின் கீழே தம் பெயரையும் தைத்தனர். பதினோராம் நூற்றாண்டின் மூலத்திலே தைத்தவர் எவரது பெயரும் இல்லை. மூலத்தினைப் பிரதிசெய்த இடத்திலேயே அவர்கள் மூலத்திலில்லாத ஒன்றைச் சேர்த்தனர். அது உழைப்பவரின் ஒப்பம்.

5

இப்பின்னணியிலேயே ட்ரக்வேரின் படைப்பினை நோக்குதல் வேண்டும். 1852இல் டப்ளின் பகுதியிற் பிறந்த அவர், 1873இல் தொல்லுயிரியல் அறிஞரான ராம்சே ஹீட்லி ட்ரக்வேரை மணந்து, மறு ஆண்டிலே கணவரின் நூதனசாலைப் பதவியின் பொருட்டு எடின்பரோவிற் குடியேறினார். கணவர் ஆராய்ந்த புதைபடிவ மீன்களை நுணுக்கமாக வரைந்துகொடுத்ததும் அவரே. பிள்ளைகளை வளர்த்தவாறு வீட்டுத் துணிகளிற் பூத்தையல் செய்துவந்த அவருக்குப் பொதுவெளியைத் திறந்துவிட்டது, பற்றிக் கெடிஸ் 1885இல் முன்னின்று அமைத்த எடின்பரோ சமூக ஒன்றியமாகும். வறியோர் வாழும் இடங்களிலும் பொதுக்கட்டடங்களிலும் கலையைக் கொண்டுசேர்ப்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. (பிற்காலத்தில் 1921இற் கொழும்பு நகரத் திட்டமிடல் குறித்த அறிக்கையை எழுதிய கெடிஸ் இவரே.) ஒன்றியத்தின் சார்பில், நோயுற்ற சிறுவர் மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உடல்கள் அடக்கத்துக்கு முன் வைக்கப்படும் சிறு வழிபாட்டறையின் சுவர்களிலே ட்ரக்வேர் 1885-86இல் ஓவியம் தீட்டினார். பழைய நிலக்கரி அறையொன்றையே அவ்வாறு மாற்றியமைத்திருந்தனர். குழந்தையை இழந்த ஏழைத்தாய் நிற்கும் இடமே அவரது முதற் கலைக்கூடமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மனிதகுலத்தின் மீட்சியைப் பொருளாகக்கொண்ட மூன்று பகுதிப் பூத்தையல் ஒன்றை 1893இல் முடித்த பின்னரே 'ஓர் ஆன்மாவின் பயணம்' முழுமையாக உருப்பெறத் தொடங்கியது. லினன் துணியின்மீது பட்டு நூலாலும் பொன்னிழையாலும் ஆகிய ஆளுயரத் திரைகள் நான்கு: நுழைவு (1895), நெருக்கடி (1897), அவநம்பிக்கை (1899), வெற்றி (1902). இதற்குக் கதைமூலம் வோல்ட்டர் பேற்றர் எழுதி, 1887இல் நூலாக வெளிவந்த 'கற்பனை உருவப்படங்கள்' தொகுப்பிலுள்ள டெனிஸ் பற்றிய கதையாகும். மத்தியகாலப் பிரெஞ்சு நகரொன்றிலே, கிரேக்கரின் மதுத்தெய்வம் மீண்டு வந்தாற்போன்று தோன்றும் இளைஞன் டெனிஸ். அவன் வருகையால் நகரம் களிப்புறுகிறது, பின்னர் அச்சங்கொள்கிறது, இறுதியிற் கூட்டம் அவனைக் கிழித்தெறிகிறது. கதைசொல்பவர் டெனிஸை முதலிற் காண்பது வர்ணக்கண்ணாடியிலும் பழந்திரைச்சீலைகளிலும் என்பது ஈண்டு கருதற்பாலது. துணியிலிருந்து பிறந்த கதைமாந்தனை ட்ரக்வேர் மீண்டும் துணிக்கே கொண்டுவந்தார்.

முதல் திரையில் விலங்கின் தோல் போர்த்த இளைஞன் திராட்சைக் கொடிகளின் நடுவே யாழ்போன்ற கருவியை இசைத்துநிற்கிறான். பூவும் புள்ளும் விலங்கும் அவனைச் சூழ்ந்துள்ளன. மனிதனும் இயற்கையும் ஒன்றாயிருந்த நிலை அது. இரண்டாம் திரையில் அவ்விசைவு கலைகிறது. தீமையின் ஆற்றல்கள் சூழ்கின்றன. மூன்றாவதில் நரம்புகள் அறுந்த யாழோடு அவன் உடல் துவண்டு தொங்குகிறது, பாம்பு சுற்றுகிறது. நான்காவதிலே சிறகுடைய வானதூதர் அவனைத் தாங்கி முத்தமிட்டு எழுப்புகிறார்.

இக்குறியீடுகளுள் ஒன்றேனும் புதியதன்று. திராட்சைக்கொடி, பாம்பு, யாழ், சிறகு ஆகிய அனைத்தும் கிறிஸ்தவ மரபிலும் கிரேக்க மரபிலும் பழகியவை. புதியது அவற்றின் உரிமை. மத்தியகால அங்கியிற் குறியீடு திருச்சபைக்கு உரியது. இங்கு அது ஒரு தனிமனத்தின் வரலாற்றைச் சொல்லப் பயன்படுகிறது. பொதுக்கதை தனிக்கதையாகிவிட்டது. பேற்றர் தம் கதையை அழிவோடு முடிக்க, ட்ரக்வேர் மீட்சியோடு முடிப்பதும் நோக்கத்தக்கது. தொழில்மய நகரொன்றின் நடுவே, இயற்கையோடும் உழைப்போடும் பிளவுண்ட மனிதன் மீண்டும் ஒருமை பெறுவான் என்ற வேட்கை அம்முடிவிலே பேசுகிறது. அவ்வேட்கை மெய்யானது. அதற்குரிய வழியைச் சமுதாயத்திற் காணாது வானதூதரின் முத்தத்திலே கண்டமை அதன் எல்லை.

ஓவியத்திற் செய்யக்கூடிய இதனை ஊசியாற் செய்வானேன் என ஒருவர் வினவலாம். விடை நுட்பத்திலே உள்ளது. ஓவியத்தில் வர்ணம் மேற்பரப்பிற் பூசப்படுவது. பூத்தையலில் வர்ணமே பொருளாக நிற்பது. பட்டு நூல் ஓடும் திசை மாறுந்தோறும் அதே நிறம் வேறு ஒளி தருகிறது. உடலின் தசையை நூலின் போக்காலேயே வளைத்துக்காட்டவும், பொன்னிழையை இடையிட்டு முழுத்திரையையும் உள்ளிருந்து சுடர்வது போலாக்கவும் இயலும். காண்போர் நகர்ந்தால் ஒளியும் நகரும். மாறிக்கொண்டே செல்லும் ஆன்மாவைச் சொல்ல, நிலைத்து உலர்ந்த வர்ணத்தினும் இவ்வூடகம் பொருத்தமானது. பூத்தையல் இங்கே ஓவியத்தைப் போலிசெய்யவில்லை. ஓவியத்தாற் கூடாத ஒன்றைச் செய்கிறது. இதனாலேயே இது நுண்கலை எனப்படத் தக்கது.

அழகியற் காரணம் இது. சமூகக் காரணம் வேறு. இத்திரைகளிலே வடிவமைத்தவரும் தைத்தவரும் ஒருவரே. ஏழாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு நாட்கூலியாற் கணிக்கப்படவில்லை. குறித்த நேரத்தில் முடிக்கவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. அவை விற்பனைக்கெனச் செய்யப்பட்டவையல்ல. 1936இல் ட்ரக்வேர் காலமாகும்வரை அவரிடமே இருந்து, அவரது கொடையாகக் கலைக்கூடத்தை அடைந்தன. றஸ்கினும் மொறிஸும் கனவுகண்ட பிளவுபடாத உழைப்பு இங்கு நனவாயிற்று. ஆனால் அதனை நனவாக்கியது சமுதாய மாற்றமன்று. அரச ஊதியம்பெறும் அறிஞரான கணவரின் வருமானம். அந்நியமாகாத உழைப்பு, சந்தைக்கு வெளியே நிற்கும் வசதி பெற்ற ஒருவருக்கே அன்று வாய்த்தது.

இவ்விடத்து இருவகைத் தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். ஒன்று, ட்ரக்வேரைத் தனிமேதையாக மாத்திரம் போற்றி, அவரது ஓய்வுநேரம் எங்கிருந்து வந்தது என்று கேளாதிருத்தல். மற்றொன்று, இதனைப் பூர்ஷ்வா வர்க்கப் பெண்ணின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல். நம்மிடையே மார்க்சியத்தின் பெயரால் இரண்டாவது தவறு இழைக்கப்படுவதுண்டு. ஒரு படைப்பு தோன்றுவதற்கான வசதியை வர்க்கநிலை விளக்கும். அவ்வசதி பெற்ற ஆயிரம் பேருள் ஒருவர் மாத்திரம் அதனைக் கொண்டு என்ன செய்தார் என்பதை அது தனித்து விளக்காது. இத்திரைகள் மனித உழைப்பு எவ்வாறு இருக்கலாம் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. அச்சான்று, உழைப்பு அவ்வாறு இல்லாத சமுதாயத்தின்மீது சாட்டப்படும் குற்றச்சாட்டுமாகும்.

1920இல் ட்ரக்வேர் றோயல் ஸ்கொட்லாந்து அக்கடமியின் முதலாவது பெண் கௌரவ உறுப்பினரானார். அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. மாபெரும் சுவரோவியங்கள் பலவற்றை முடித்திருந்த பின்னரும் அவ்வங்கீகாரத்துக்கு அவர் காத்திருக்க நேர்ந்தது.

6

தனிமனத்துக்குள் ஒடுங்கிய குறியீடு மீண்டும் பொதுவெளிக்கு வந்த வரலாறு அதே காலத்திலே வேறிடங்களில் நிகழ்ந்தது. கிளாஸ்கோ கலைக்கல்லூரியில் 1894இல் ஜெசி நியூபெரி பூத்தையல் வகுப்பினைத் தொடங்கினார். விலையுயர்ந்த பட்டும் பொன்னும் அங்கு நிபந்தனைகளல்ல. மலிந்த துணியை வெட்டி ஒட்டித்தைத்து, எளிய சில தையல்களாற் கோலமிடும் முறையை அவர் வளர்த்தார். 1908இல் அவரைத் தொடர்ந்து பொறுப்பேற்ற ஆன் மக்பெத், மார்கிரட் சுவான்சனுடன் இணைந்து 1911இல் தையற்கல்வி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதுவரை பாடசாலைச் சிறுமியர் வெள்ளைத்துணியில் வெள்ளை நூலாற் கண்நோக மிகநுண்ணிய தையல் பயிலுமாறு பணிக்கப்பட்டனர். வீட்டுப்பணிக்கும் தையற்கடைக்கும் ஏற்ற கீழ்ப்படிவே அப்பயிற்சியின் உட்பொருள். சுவான்சனும் மக்பெத்தும் வர்ண நூலும் பெரிய தையலும் கொடுத்து, குழந்தையே தன் கோலத்தைத் தானே அமைக்குமாறு முறையை மாற்றினர். வடிவமைப்பவரும் தைப்பவரும் ஒருவரே என்னும் கொள்கை, ட்ரக்வேரின் அறையிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளின் வகுப்பறைக்கு இங்ஙனம் சென்றது. றஸ்கினின் கோட்பாடு அதன் மெய்யான சோதனைக்கு உள்ளானது இங்கேதான்.

வாக்குரிமைப் போராட்டத்தின் பதாகைகள் இதனினும் ஒருபடி மேற்சென்றன. வர்ணக்கண்ணாடிக் கலைஞரான மேரி லவுண்ட்ஸ் 1907இல் அமைத்த கலைஞர் வாக்குரிமைக் கழகம், 1908 ஜூன் 13ஆந் திகதி இலண்டனில் நடைபெற்ற பேரணிக்கெனப் பெருந்தொகையான பதாகைகளை ஆக்கியளித்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அணிவகுத்த அப்பேரணியிலே ஜோன் ஒவ் ஆர்க், ஜேன் ஒஸ்ரின், மேரி கியூரி முதலியோரின் பெயர்தாங்கிய பதாகைகளும், ஊர்களையும் தொழில்களையும் குறிக்கும் பதாகைகளும் உயர்ந்தன. மத்தியகால வீரர் கொடியின் இலச்சினை மரபைப் பெண்கள் தமதாக்கிக்கொண்டனர். பெண்ணைப் பணிவுக்குப் பழக்கிய அதே ஊசி, பணிய மறுப்பதற்கான கொடியைத் தைத்தது. அங்கியின் குறியீடு போன்றே பதாகையின் குறியீடும் வீதியில் நிற்போர் அனைவருக்கும் விளங்கியது. ஆனால் இம்முறை அது அதிகாரத்துக்கு எதிரே நின்றது.

1910ஆம் ஆண்டிற் கிளாஸ்கோவில் நடைபெற்ற வாக்குரிமைக் கண்காட்சிக்காக ஆன் மக்பெத்தின் வடிவமைப்பில் உருவான லினன் விரிப்பு இவ்வகையில் உச்சமானது. ஹொலவே சிறையில் உண்ணாவிரதம் இருந்த எண்பது பெண்களின் கையொப்பங்கள் அதிலே தைக்கப்பட்டுள்ளன. பாம்பும் சிறகும் அங்கில்லை, பெயர்கள் மாத்திரமே. இயக்கத்துக்காக விற்கப்பட்ட அது இன்று இலண்டனிலுள்ள நூதனசாலையொன்றிற் பாதுகாக்கப்படுகிறது. லீக் பெண்கள் தம் வேலையின் கீழே இட்ட ஒப்பம் இவ்விரிப்பிலே வேலையின் பொருளாகவே ஆகிவிட்டது. உழைத்தவரின் பெயரே குறியீடாயிற்று.

7

இவ்வியக்கம் நமது நாட்டோடும் தொடர்புற்றது. 1877இற் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிய கைவினைகளைத் தம் மனைவி எதெலுடன் ஆராய்ந்து எழுதிய 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் புரோட் கம்டனில், மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இயங்கிய அதே அச்சுப்பொறியிலே 425 பிரதிகளாக அந்நூல் அச்சாயிற்று. ஓவியத்தையும் பூத்தையலையும் பாய்நெசவையும் படிநிலை கற்பியாது ஒரே நூலில் வைத்தமை கலை-கைவினை இயக்கத்தின் கொடையெனலாம். அதே வேளை, கைவினைஞனைப் பிணித்திருந்த சாதியமைப்பையும் இராசகாரியக் கட்டாயத்தையும் நல்லிணக்கமாகக் காணும் நோக்கும் அந்நூலில் உண்டு. இயக்கத்தின் வலுவும் பலவீனமும் ஒருசேரக் கடல்கடந்தன. கடந்தகாலத்தை நோக்கித் திரும்பியதால் முதலாளித்துவத்தின் குறை அதற்குத் தெளிவாகத் தெரிந்தது. அதே காரணத்தால் நிலமானியத்தின் குறை தெரியாமற் போயிற்று.

தொகுத்து நோக்குமிடத்துப் பூத்தையலின் குறியீடு மூன்று நிலைகளைக் கடந்தமை புலனாகும். திருச்சபை அங்கியில் அது பொதுவானது, ஆயின் அதிகாரத்துக்கு உரியது. ட்ரக்வேரின் திரைகளில் அது விடுதலை பெற்றது, ஆயின் தனிமைப்பட்டது. பதாகையிலும் சிறைப்பெண்களின் விரிப்பிலும் அது பொதுவானதாகவும் விடுதலைக்குரியதாகவும் ஆயிற்று. இம்மூன்றாம் நிலையின் ஆக்கங்கள் நுணுக்கத்தால் இரண்டாம் நிலைக்கு ஈடல்ல என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ட்ரக்வேருக்குக் கிடைத்த ஏழாண்டு அவகாசம் பேரணிக்குத் தைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த நுணுக்கமும் இந்தப் பொதுமையும் ஒருங்கே அமைவதற்கு, அவகாசம் சிலரின் உடைமையாயிராது அனைவரின் உரிமையாதல் வேண்டும்.

நுண்கலையின் வரலாற்றிலே பூத்தையலுக்கு ஓரிடம் கேட்பது ஒரு பெயரைப் பட்டியலிற் சேர்க்கக் கோருவது மாத்திரமன்று. அப்பட்டியல் யாரால், எவ்வளவைகொண்டு வகுக்கப்பட்டது என்பதை விசாரணைக்கு உட்படுத்துவதாகும். எடின்பரோவின் பொன்னிழைத் திரைகளைக் காண்பவர் அவற்றின் அழகில் ஈடுபடட்டும். அவ்வழகு சாத்தியமாயிருந்தபோது, அதே நாட்டிலே, அதே ஊசியைப் பிடித்திருந்த மேரி ஆன் வோக்லிக்கு ஏன் ஒரு மணிநேர ஓய்வேனும் சாத்தியமாகவில்லை என்ற வினாவும் அவருடன் செல்லட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காணும் பார்வையே கலை வரலாற்றுக்கு வேண்டப்படுவது.